தளும்பும் கதவு

அத்தியாயம் பதினான்கு

“கதவுல பாதி கண்ணாடியால்ல இருக்கு. ராத்திரி பயமா இருக்காதா உனக்கு?”

“கண்ணாடி இருக்கிறது நல்லதுதானே. வந்திருக்கிறது யாருன்னு பாத்துட்டுத் திறக்கலாம்.”

“எப்படியோ, மூணு வருஷம்தான் ஸ்டெல்லா. அதுக்குள்ள உனக்குக் கீழ இடம் கெடச்சிரும்.”

“கிடைக்கலன்னா?”

“கெடைக்கும்.”

“ஒருவேளை கிடைக்கலன்னா, நீங்க...”

“நானா? கடல் வாடை இல்லாத ஊர்ல எனக்கு மூச்சு முட்டிரும், பாத்துக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் ஜான்பீட்டர். ஸ்டெல்லாவும் சிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால், மலைமேல் செம்மேட்டுக்கு ஸ்டெல்லா செவிலியர் வேலைக்கு வந்த அன்று இந்த வீட்டு வாசலில், தகரப் பெட்டியையும் காஸ் அடுப்பையும் வண்டியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நின்றபோது நடந்த பேச்சு அது. பிரிசில்லாவுக்கு அப்போது ஒன்பது வயது. பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

‘நீங்க’ என்று தொடங்கிய வாக்கியத்தை ஸ்டெல்லா அன்றைக்கு முடிக்கவில்லை. அதற்குப் பிறகும் முடிக்கவில்லை.

அதே கதவைத்தான் இன்று காலையில் ஜான்பீட்டர் நான்காவது முறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

களக்.

கையை எடுத்தார். சத்தம் நின்றது. மறுபடி தள்ளினார். களக், களக்.

“பிரிசில்லா, இங்க வா. இது உனக்குக் கேக்குதா?”

சமையலறையில் வேகவைத்த குச்சிக்கிழங்கை மிளகாய்த் துவையலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரிசில்லா எட்டிப் பார்த்தாள். நாமக்கல்லில் கல்லூரி இறுதி ஆண்டு போகப்போகிறாள். விடுமுறைக்கு மேலே வந்திருந்தாள்.

“அது எப்பவும் அப்படித்தான்ப்பா. மழை பேஞ்சா கதவு பேசும்.”

“எப்பவும்னா?”

“நான் ஏழாவது படிக்கையில இருந்து.”

“எட்டு வருஷமாவா? எனக்கு எப்படிக் கேக்காமப் போச்சு?”

“நீங்க வர்ற ரெண்டு நாளும் எதையாவது கழட்டி வாசல்ல வெச்சு ரிப்பேர் பண்ணிட்டிருப்பீங்க. கதவு திறந்தேதான் கிடக்கும். எப்படிக் கேக்கும்?”

ஜான்பீட்டர் கதவில் காதை வைத்தார். இரண்டு பக்கமும் தகடு அடித்து, நடுவே கூடாக விட்ட இரும்புக் கதவு. மேல் பாதியில் நான்கு கண்ணாடிகள். கீழ் பாதியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. கீல் தொய்ந்துபோய், நேற்று மாலையிலிருந்து அடிப்பக்கம் தரையில் உரசத் தொடங்கியிருந்தது. தாழ்ப்பாள் அதன் துளைக்குள் உட்காரவில்லை.

தூத்துக்குடியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை அவருக்கு. அண்ணன் ஜோசப்பும் அவரும் சேர்ந்து நடத்துவது. மாதம் ஒருமுறை பஸ் பிடித்து நாமக்கல் வந்து, காரவள்ளியிலிருந்து மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கும்போது முகம் வெளிறியிருக்கும். ஒரு டம்ளர் எலுமிச்சை ரசம் குடித்தவுடன் ஸ்பேனரை எடுத்துவிடுவார். குழாய், ஃபியூஸ், அடுப்புக் குழாய், எல்லாம் அந்த இரண்டு நாளில் சரியாகும். போகும் முன் கதவுக்கு ஒரு கை பெயின்ட் அடிப்பார். துருவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த முறை அவர் வந்தது ஸ்பேனருக்காக இல்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஸ்டெல்லா பார்க்கும் அதே கிராம சுகாதார செவிலியர் இடம் காலியாக இருந்தது. இடமாறுதல் விண்ணப்பத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் அனுப்பிவிட வேண்டும். போன வாரம் போனில் அவர் இதைச் சொன்னபோது ஸ்டெல்லா, “சரி, வாங்க பாக்கலாம்” என்றாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அண்ணனிடம் சொல்லி, வாடகைக்கு ஒரு வீடும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

இதற்கு முன்பும் இப்படி வாய்ப்புகள் வந்தன. ஒரு வருடம் நெட் கிடைக்கவில்லை என்றாள். ஒரு வருடம் தடுப்பூசி முகாம் என்றாள். இரண்டும் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. தான் கீழே இறங்குவதற்குப் பதில் அவர் மேலே வந்துவிட வேண்டும். அதைக் கேட்க வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அந்தக் கடல் வாடை குறுக்கே வந்தது.

இன்றும் கேட்காவிட்டால் இனிக் கேட்க வேண்டியிருக்காது. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

*

பத்து மணிக்கு ஒரு சின்ன லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. வெல்டிங் பட்டறை இளங்கோ இறங்கினான். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் பென்சில், கையில் டேப்.

“ஏனுங்க, ஊட்டுக்காரருங்களா?”

“ஆமா” என்றார் ஜான்பீட்டர்.

“கதவு புதுசு போடறதுங்களா, ஒட்டுப் போடறதுங்களா?”

“ஒட்டுப் போதும். அடியில ஒரு தகடு வச்சு அடிச்சுரு.”

இளங்கோ டேப்பை நீட்டினான். வண்டியின் மறுபக்கக் கதவு திறந்து, துண்டை உதறித் தோளில் போட்டபடி ஒருவர் இறங்கினார். வீட்டுச் சொந்தக்காரர் கருப்பண்ணன். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு மிளகுத் தோட்டமும் கிழங்குக் காடும் இருந்தன.

“ஏப்பா இளங்கோ, ஊட்டுக்காரன் நான் இங்க நிக்கறேன். நீ யாருகிட்ட ஆர்டர் எடுக்கற?”

“இவரு ஆமான்னாருங்க.”

பிரிசில்லாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இளங்கோண்ணா, இவரு எங்கம்மாவோட ஊட்டுக்காரரு. அவரு இந்த ஊட்டோட ஊட்டுக்காரரு.”

“அதுக்கில்ல சாமி” என்றார் கருப்பண்ணன், சிரிக்காமல். “நான் புதுசு போடலாம்னுதான் இவனைக் கையோட கூட்டியாந்தேன். என் ஊட்டுக்கு ஒட்டுப் போதும்னு சார் சொல்றாருன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கோணுமில்ல?”

இளங்கோ இடையில் புகுந்தான். “காரணமெல்லாம் அப்புறமுங்க. எத்தனை வருசத்துக்குக் கதவு வேணும், அதைச் சொல்லுங்க. ரெண்டு வருசம்னா ஒட்டுத் தாங்கும். இருவது வருசம்னா புதுசு. அதுக்குத் தக்கன செய்யறேன்.”

ஸ்டெல்லா உள்ளே தட்டில் டீ டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“ரெண்டு மாசம் தாங்கினாப் போதும்” என்றார் ஜான்பீட்டர். “மாறுதலுக்குப் போடுதோம். இன்னைக்குத்தான் கடைசி நாள்.”

கருப்பண்ணன் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

“சொல்லவே இல்லீங்களே, நர்சம்மா.”

“இன்னும் எதுவும் முடிவாகலீங்க” என்றாள் ஸ்டெல்லா. டீயை நீட்டினாள். கருப்பண்ணன் வாங்கிக்கொண்டார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“பாத்தியா, உங்கம்மாவும் இந்த ஊர்க்காரி மாதிரி ‘ங்க’ போட ஆரம்பிச்சுட்டா” என்று ஜான்பீட்டர் மகளிடம் கிண்டலாகச் சொன்னார். பிரிசில்லா சிரிக்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கதவை ஆட்டிப் பார்த்த இளங்கோவின் முகம் மாறியது. குனிந்து கீழ் பாதியில் காதை வைத்தான்.

“உள்ளார தண்ணி நிக்குதுங்க.”

“அதைத்தான் காலையில இருந்து நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார் ஜான்பீட்டர். “மூடின கதவுக்குள்ள தண்ணி எப்படிப் போவும்?”

“போறது பெரிசில்லீங்க சார். கண்ணாடியச் சுத்தி அப்பியிருந்த பட்டி காஞ்சு விட்டுப்போச்சு, பாருங்க. மழை கண்ணாடியில வழிஞ்சு அப்படியே தகட்டுக்குள்ள எறங்கும். எல்லா ஊட்டுக் கதவுலயும் எறங்கும். எறங்கினது ஏன் வெளிய வரலங்கறதுதான் எனக்குத் தெரியல.”

“வெளிய எப்படி வரும்?”

“அடியில ரெண்டு ஓட்டை உட்டிருப்பாங்க. கதவு செய்யறப்பவே.”

இளங்கோ விரலை விட்டுத் துழாவினான். கதவின் அடிப்பக்கம் பெயின்ட் பட்டை பட்டையாகத் திரண்டிருந்தது. ஓட்டை எதுவும் கையில் தட்டுப்படவில்லை.

“செய்யறவன் மறந்திருப்பான்” என்றார் கருப்பண்ணன்.

“ஏனுங்க, இதே ஆளு செஞ்ச கதவுதான உங்க ஊட்லயும் இருக்குது? அது நல்லாத்தான இருக்குது? சாப்பாடு மறந்தாலும் மறப்பான், ஓட்டை மறக்கமாட்டான். வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

வெட்டுவதற்குக் கரண்ட் இல்லை. மூன்று நாள் மழையில் எங்கோ மரம் விழுந்திருந்தது. இளங்கோ வண்டியிலிருந்து ஜெனரேட்டரை இறக்கினான். கயிற்றை இழுத்தான். இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தான். இருமக்கூட இல்லை.

“இதைத் தூக்கிக்கிட்டுக் கீழ சேந்தமங்கலம்தான் போகோணும்” என்று நெற்றியைத் துடைத்தான். “டீசல் எஞ்சினு பாக்கற ஆளு இந்த மலையில ஒருத்தர் கிடையாதுங்க.”

ஜான்பீட்டர் ஏற்கெனவே குந்தி உட்கார்ந்திருந்தார்.

“பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு மக்கா” என்றார் பிரிசில்லாவிடம்.

கால் மணி நேரம். டீசல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். ஏதோ ஒரு திருகைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்கினார். வேலை செய்யும்போது அவர் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். ஸ்டெல்லா வாசல் நிலையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே இழுப்பில் ஜெனரேட்டர் படபடவென்று ஓடத் தொடங்கியது.

“அடேயப்பா” என்றார் கருப்பண்ணன். “என் பவர் டில்லர் நாலு மாசமாக் கொட்டாயில கெடக்குதுங்க சார். சித்தெ வந்து பாக்கறீங்களா?”

“அடுத்த தடவை வாரப்ப...” என்று ஆரம்பித்த ஜான்பீட்டர் நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

*

கதவைக் கீலிலிருந்து கழற்றி, முற்றத்தில் இரண்டு கல்லின் மேல் படுக்க வைத்தார்கள். தூக்கும்போது தண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. நான்கு பேருக்கும் அது கையில் தெரிந்தது. தீப்பொறி பட்டால் கண்ணாடியில் கரும்புள்ளி விழுந்துவிடும் என்று இளங்கோ சாக்கை நனைக்கப் போனான்.

கதவில்லாத வீடு விநோதமாக இருந்தது. மலையின் வெளிச்சம் கூடத்தைத் தாண்டி அடுப்படி வரை வந்தது.

அப்போதுதான் அருணா வந்தாள். மேட்டுத் தெருப் பெண். ஏழாவது மாதம். மூச்சு வாங்க மெதுவாக ஏறி வந்து வாசலில் நின்றாள். கூடத்திலேயே ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் உள்ளே வரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். கல்லின் மேல் கிடந்த கதவைக் கண்டாள். அதனருகே போய், வயிற்றை ஒரு கையால் தாங்கிக் குனிந்து, கண்ணாடியில் மோதிர விரலால் மூன்று முறை தட்டினாள்.

பிறகுதான் வாசலுக்கு வந்து, “நர்சம்மா” என்றாள்.

ஜான்பீட்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “ஏம்மா, வீடுதான் தொறந்து கெடக்கே. தரையில கெடக்குத கதவை எதுக்குத் தட்டுத?”

அருணாவுக்கு வெட்கமாகிவிட்டது. “கதவத் தட்டாம எப்படிங்க உள்ளார வாரது?”

“சரியாத்தான் சொல்றா” என்று ஸ்டெல்லா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். இரும்புச் சத்து மாத்திரை தீர்ந்துவிட்டதா, வாந்தி குறைந்ததா, மாமியார் முருங்கைக் கீரை சமைக்க விடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“ஆடிக் கடைசியில இருக்குமுங்களா?” என்றாள் அருணா.

“ஆடிக் கடைசி, ஆவணி பிறந்து முதல் வாரம். வலி எடுத்தா உடனே ஆள் அனுப்பு. நடந்து வரக்கூடாது.”

“நீங்கதான் கூட வாரோணும். வேற யாரும் வந்தா எனக்குப் பயமுங்க.”

ஸ்டெல்லா மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் என்று கணவர் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. ஆடி முடியும்போது இந்த வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள்.

“வாரேன் கண்ணு” என்றாள், நிமிராமல்.

வாசலில் நின்றிருந்த ஜான்பீட்டர் அதைக் கேட்டார். முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

*

மதியம் ஒரு மணிக்கு இளங்கோ கதவின் அடியை வெட்டினான். கிரைண்டர் தகட்டில் பட்டதும் பெயின்ட் அடுக்கடுக்காகத் தெரிந்தது. நீலம், பச்சை, காப்பி நிறம், மறுபடி நீலம்.

“எத்தனை தடவைங்க பெயின்ட் அடிச்சிருக்கீங்க?”

“கடையில மிஞ்சுற படகுப் பெயின்ட்தான்” என்றார் ஜான்பீட்டர்.

“தகடு போயி ரொம்ப நாளாச்சுங்க. பெயின்ட்தான் கதவா நின்னுட்டு இருந்திருக்குது.”

வெட்டு முழுதாவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் கரைத்த மாதிரி, அரை வாளிக்குக் குறையாமல். மண்ணில் ஓடி, செம்பருத்திச் செடி வரைக்கும் போய் நின்றது. எல்லோரும் பாதத்தைத் தூக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். பிரிசில்லா போனில் படம் எடுத்தாள்.

இளங்கோ வெட்டியெடுத்த அடித்தகட்டைத் திருப்பிக் குறடால் நெம்பினான். கொட்டைப் பாக்கு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. இன்னொரு பக்கம் நெம்பினான். இன்னொன்று.

“இந்தாங்க, உங்க கேள்விக்குப் பதிலு. ஓட்டை இருந்திருக்குது. யாரோ அடைச்சிருக்காங்க. ரெண்டு களிம்பைப் பிசைஞ்சு ஒட்டுவாங்களே, அது. கட்டை வெரலால அமுக்கியிருக்காங்க, ரேகை அப்படியே இருக்குது.”

கருப்பண்ணன் வாங்கிப் பார்த்தார். “யார்றா அந்தக் கெட்டிக்காரன்? நர்சம்மாவுக்கு முன்னாடி குடியிருந்தவனா இருக்கும்.”

ஸ்டெல்லா கையை நீட்டினாள். கல் மாதிரி இறுகியிருந்தது. அதன் முகப்பில் ஒரு கட்டைவிரலின் வரிகள் தெளிவாக விழுந்திருந்தன. நடுவில் சாய்வாக ஒரு கோடு, வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு. எஞ்சின் பெல்ட்டில் மாட்டிக் கிழிந்து ஐந்து தையல் போட்ட விரல். கல்யாணமான புதிதில் நடந்தது. அந்தத் தையலைப் பிரித்தது அவள்தான்.

அவள் கணவரைப் பார்த்தாள்.

ஜான்பீட்டர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றார். “வந்த அடுத்த வருஷம். பிரிசில்லா கட்டிலுக்குக் கீழ ஒரு பூரான் கெடந்துச்சு. நீ அன்னைக்குப் போன்ல அழுதே, ஞாபகம் இருக்கா? நான் வந்து எங்கன வழியா வந்திருக்கும்னு தேடினேன். கதவுக்கடியில ரெண்டு ஓட்டை. பையில களிம்பு இருந்துச்சு. அடைச்சுட்டேன்.”

ஸ்டெல்லா அந்தக் களிம்புக் கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஓட்டையப் பாத்தா எங்க கை சும்மா இருக்காதுப்பா. படகுக்காரன் பொழப்பே அதுதான.”

“படகுல தண்ணி வெளிய இருக்குதுங்க சார்” என்றான் இளங்கோ, மெதுவாக. “கதவுல உள்ளார இருக்குது.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஆனாலும் ஜான்பீட்டருக்குச் சுருக்கென்றது. கருப்பண்ணன் தொண்டையைச் செருமி, “பூரான் அப்புறம் வந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

“வரல” என்றாள் ஸ்டெல்லா.

“பின்ன என்ன? வேலை செஞ்சிருக்குதில்ல?”

இப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். ஜான்பீட்டரும் பாதிக்குச் சிரித்தார்.

இளங்கோ ஸ்குரூ டிரைவரால் தகட்டை மேலே மேலே குத்திக்கொண்டே போனான். கண்ணாடிக்கு ஒரு சாண் கீழ் வரை எளிதாக உள்ளே இறங்கியது. உதட்டைப் பிதுக்கினான்.

“நினைச்சதுக்கு மேல போயிருச்சுங்க. ஒட்டுப் போடறதுன்னா முக்கால் கதவுக்கும் ஒட்டுத்தான். புதுசுன்னா கண்ணாடிய எடுத்து அதுல மாட்டிக்கலாம், கண்ணாடி நல்லாருக்குது. நான் சோளக்காடு வரைக்கும் போயி சாப்ட்டுட்டு, தகடு எடுத்துட்டு அஞ்சு மணிக்கு வாரேன். எந்தத் தகடுன்னு மட்டும் போன் பண்ணிச் சொல்லிருங்க.”

“நர்சம்மா சொல்லட்டும்” என்றார் கருப்பண்ணன், வண்டியில் ஏறிக்கொண்டே. “அவங்க எதைச் சொல்றாங்களோ அது. நான் ஊட்டுக்காரனா இருந்து என்ன பண்ண?”

*

சாப்பிட்டு முடித்த பிறகும் ஜான்பீட்டர் முற்றத்துக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“சத்தம் கேக்குதுன்னு நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எதுக்கு? மாசத்துக்கு ரெண்டு நாள் வர்றீங்க. அதுல ஒரு நாளைக் கதவுக்குக் குடுத்திருவீங்க.”

“எட்டு வருஷம் ஸ்டெல்லா.”

“மழை நின்னு நாலு நாள்ல சத்தம் குறைஞ்சிரும். அப்புறம் மறந்துபோகும். அடுத்த மழைக்குத்தான் ஞாபகம் வரும்.”

அவர் மோரைக் குடிக்கவில்லை. “நான் இங்கன இருந்திருந்தா முதல் மழையிலயே கேட்டிருப்பேன்.”

அந்த வாக்கியத்தின் பக்கத்திலேயே அவளுடைய வாக்கியம் நின்றது. ஒரு சொல் எடுத்து வைத்தால் போதும்.

“வேற என்னல்லாம் எங்கிட்ட சொல்லாம வச்சிருக்க?” என்றார் அவர். விளையாட்டாகக் கேட்க நினைத்திருப்பார். குரல் அப்படி வரவில்லை.

“அம்மா, அப்பா” என்று உள்ளிருந்து பிரிசில்லா கூப்பிட்டாள். “கரண்ட் வந்திருச்சு. நெட்டும் வந்திருச்சு. சைட் இப்பத்தான் திறக்குது. மணி நாலரை ஆச்சு.”

ஜான்பீட்டர் எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டார். கேள்வி கல்லின் மேலேயே கிடந்தது.

*

லேப்டாப்பைக் கூடத்தில் ஸ்டூல்மேல் வைத்துப் பிரிசில்லா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வேகமாகத்தான் தட்டுவாள். இன்றைக்கு ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடித் தட்டினாள்.

“பணியில் சேர்ந்த தேதி?”

ஜான்பீட்டர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

“தற்போதைய பணியிடத்தில் எத்தனை ஆண்டுகள்?”

“பதினொண்ணு.”

“மாறுதல் கோரும் காரணம்?”

“கணவன் மனைவி ஒரே இடத்தில் வசிக்க” என்றார் அவர். “அப்படித்தான் போடணும்னு அண்ணன் சொன்னாரு.”

பிரிசில்லா அதைத் தட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அந்த நான்கைந்து சொற்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டதே இதுதான், எழுத்துப் பிசகாமல். ஆனால் அந்த ‘ஒரே இடம்’ எது என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

“விருப்ப இடம் போட்டாச்சு” என்றாள் பிரிசில்லா, சன்னமாக. “இனி அனுப்பணும். அம்மா போனுக்கு ஓடிபி வரும்.”

“அனுப்பு.”

பிரிசில்லா இன்னும் ஒரு நொடி காத்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

கதவில்லாத வாசல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. மிளகுக் கொடிகளுக்கு மேல் மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஸ்டெல்லாவின் மடியில் போன் அதிர்ந்தது.

ஆறு எண்கள். அவள் பார்த்தாள்.

“வந்துச்சா?” என்றார் ஜான்பீட்டர்.

“வந்துச்சு.”

“சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். முதல் எண் நாக்கு வரை வந்தது. பிரிசில்லாவின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றன.

“சொல்லு ஸ்டெல்லா. பத்து நிமிஷம்தான் இருக்கும்.”

“வேற என்ன சொல்லாம வச்சிருக்கேன்னு கேட்டீங்கல்ல?”

“அதை அப்புறம் பேசிக்கிடலாம். நம்பரை...”

“அப்புறம் பேச முடியாதுங்க.”

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவர் பேச்சை இடைமறித்தது இதுதான் முதல் தடவை என்பது அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஸ்டெல்லா போனைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

“நான் கீழ வரலைங்க. நீங்க இங்க வந்திருங்க. லீவுக்கு இல்ல. எங்ககூட இருக்கிறதுக்கு.”